குறைப் பலகை

சண்டியர் இன்றைக்கும் என்னை இடித்தான். அதுவும் அவனைக் கூட்டிப்போக வந்தவள் கண்ணெதிரிலேயே.

சண்டியர் ஒரு மட்டக்குதிரை. என் நெஞ்சு உயரம்கூட வரமாட்டான். கைவிடப்பட்ட குதிரைகளைத் தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கும் எங்கள் காப்பகத்தில் மொத்தம் எட்டுக் கொட்டடிகள். எட்டாவது இவனுடையது.

நாலு மணிக்கு ஒரு நொண்டிப் பெண்குதிரை வண்டியில் வந்து இறங்கப்போகிறது. அதற்குள் ஒரு கொட்டடி காலியாக வேண்டும். இல்லையென்றால் வண்டியை அப்படியே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். திருப்பி அனுப்பினால் அது எங்கே போய்ச் சேரும் என்பதை நான் வாயால் சொல்ல மாட்டேன்.

ஒவ்வொரு கொட்டடி வாசலிலும் ஒரு கரும்பலகை தொங்கும். குறைப் பலகை. குதிரையிடம் என்ன குறை இருக்கிறதோ அதை ஒளிக்காமல் எழுத வேண்டும், கூட்டிப்போக வருகிறவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். நான் போட்ட சட்டம். குறையை மறைத்துக் கொடுத்த குதிரை, மாதம் முடிவதற்குள் நம் வாசலிலேயே வந்து நிற்கும்.

சண்டியர் பலகையில் என் கையெழுத்தில் இரண்டே சொல்: ஆளை இடிக்கும்.

அதைக் கேட்டதும் இரண்டு குடும்பங்கள் வந்த வழியே போய்விட்டன. பிள்ளைகள் இருக்கிற வீடு, அவர்களைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

எலும்பும் தோலுமாக வந்தவன். புண்ணைக் கழுவி, கொள்ளு வேகவைத்துக் கொடுத்துத் தேற்றியவள் நான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பார்கள். இவன் விலாவில் பாய்கிறான்.

இன்று வந்தவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். பலகையைப் படித்துக் காட்டினேன். ஓடவில்லை. கயிற்றைப் பிடித்து அவனை முற்றத்தில் இரண்டு சுற்று நடத்தினாள். பெட்டிப் பாம்பாக நடந்தான்.

"எங்கக்கா இடிக்குது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. என்னவோ நான் பொய் சொல்வதுபோல! கயிற்றை வாங்கினேன். பத்தடிகூட நடந்திருக்க மாட்டேன், தோளைக் கொடுத்து என்னை இடப்பக்கம் தள்ளினான். விழப்போய்ச் சுதாரித்தேன்.

"பாத்தீங்களா?" என்றேன், வழக்கில் ஜெயித்தவள் மாதிரி.

அவள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, லாடம் அடிக்கிற அண்ணனின் சாமான் பெட்டி திறந்து கிடந்தது. ஆணிகளெல்லாம் முனை மேலே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனிதருக்கு எந்தப் பொருளையும் ஓரிடத்தில் வைக்கத் தெரியாது. முந்தாநாள் தள்ளுவண்டி, நேற்று வாளி. எல்லாவற்றையும் என் வழியில்தான் கொண்டுவந்து வைப்பார்.

"நடக்கிற பாதையில பெட்டிய வைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது!"

குளம்பைச் சீவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "காலையிலேருந்து அது அங்கதான தங்கச்சி இருக்கு."

வேன்காரிக்கு ஏதோ உறைத்திருக்க வேண்டும். ஒரு காலி வாளியை எடுத்தாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். பிறகு, "இப்ப நடங்கக்கா" என்றாள்.

என்ன விளையாட்டு இது என்று நடந்தேன். இடித்தான். எட்டிப் பார்த்தால், அவன் இடித்த இடத்தில் வாளி.

மறுபடி திரும்பி நின்றேன், மறுபடி நடந்தேன். இந்தத் தடவை வாளி எனக்கு இடப்பக்கம் இருந்தது. தெளிவாகத் தெரிந்தது. ஒதுங்கி நடந்தேன். சண்டியர் சும்மா கூடவே வந்தான்.

மூன்றாவது தடவை வலப்பக்கம் வைத்திருக்கிறாள். இடித்தான்.

 முட்டி மோதியதையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன்.

தள்ளுவண்டி வலப்பக்கம். நேற்று முழங்காலைப் பேர்த்த வாளி வலப்பக்கம். போன வாரம் நான் தட்டிவிட்டு உடைத்த டீ கிளாஸ், தினமும் என் தோளைப் பதம் பார்க்கிற வாசல் தூண், எல்லாமே வலப்பக்கம்.

இவனை ஒப்படைக்க வந்த பையன் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது. "எங்கப்பாவ தினமும் வெளிய கூட்டிட்டுப் போகும், அவரு போனப்புறம் கட்டியே கெடக்குது" என்றான். துக்கத்தில் மாற்றிச் சொல்கிறான் என்று நினைத்து, அப்பா குதிரையைக் கூட்டிப்போவார் என்று எழுதிவைத்தேன். அவருக்குக் கண் எப்படி என்று கேட்கவே இல்லை.

"இவன் உங்ககிட்டயே இருக்கட்டுமேக்கா" என்றாள் வேன்காரி.

எனக்கு ஆசையாக இருந்தது. பொய் சொல்வானேன், அழுகையே வந்துவிட்டது. மணி மூன்றே முக்கால்.

பலகையை உள்ளங்கையால் அழித்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். என் குறையை இவன் தலையில் எழுதி, இரண்டு வீட்டை இவனுக்கு இல்லாமல் செய்திருக்கிறேன். சாக்பீஸை எடுத்து எழுதினேன்: குறை ஒன்றுமில்லை. சட்டப்படி அதையும் வாய்விட்டுப் படித்தேன்.

ஒப்படைப்புத் தாளின் வலது ஓரத்தில், கையெழுத்துக் கோட்டின் மேல் வேன்காரி விரலை வைத்துக் காட்டினாள். நான் கேட்காமலே.

சண்டியர் போய்விட்டான். போகும்போது அவளை ஒரு தடவைகூட இடிக்கவில்லை.

நாலு மணிக்கு வண்டி ஹாரன் அடித்தது. பெண்குதிரை வந்துவிட்டது என்று ஓடினேன். வாசல் தூண் மடேரென்று தோளில் மோதியது.

லாடக்கார அண்ணன் அரத்தைப் போட்டுவிட்டுப் பதறி எழுந்தார். இதோ வரப்போகிற திட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணே," என்றேன், "கொஞ்சம் கையப் பிடிச்சுக்கங்க."