வாளி போதும்

ஆற்று முகத்துவாரத்தில் படகு நின்றிருந்தது. உள்ளே தண்ணீர் கணுக்காலைத் தாண்டிவிட்டது.

"எங்கேருந்துதான் வருதோ!" திருச்செல்வம் வாளியால் அள்ளி அள்ளி வெளியே கொட்டினான்.

பின்பக்கம் உட்கார்ந்திருந்த அவன் மனைவி தனேஸ்வரி, ஒற்றைக் கையால் காலி மைலோ டின்னில் மொண்டு ஊற்றினாள்.

"ரெண்டு கையாலயும் அள்ளு தனே!"

"தண்ணி எறைக்க பம்ப் வாங்குங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்?"

"சின்னப் படகுக்கு வாளி போதும்னு நெனச்சேன் லா!"

தண்ணீர் இன்னும் ஏறியது. கரையோ தூரத்தில் இருந்தது.

"நாளைக்கே பம்ப் வாங்குறேன். புள்ளைங்க மேல சத்தியம்!"

தனேஸ்வரி அதுவரை மூடியிருந்த வலக்கையைத் திறந்தாள். கரையேற்றியதும் தண்ணீரை வடிக்கப் படகின் அடியில் விட்டிருந்த ஓட்டையை அடைக்கும் தக்கை. குனிந்து அதை மறுபடி இறுக்கித் திருகினாள்.

"தினமும் தனியா கடலுக்குப் போறீங்க. அங்க இது கழண்டா, கூட அள்ள யாருங்க இருக்கா?"