சாய மறுத்த தாம்பாளம்

ஒரு வீட்டில் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்று இருந்தது. கொஞ்ச நாளாக, அது கழுவிக் கொடுத்த டம்ளர்களில் காப்பிக் கறை அப்படியே இருந்தது.

"இதற்கு வயதாகிவிட்டது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கட்டும்" என்றது கீழ் அடுக்கில் விறைப்பாக நின்ற எவர்சில்வர் தாம்பாளம். மேல் அடுக்கு டம்ளர்கள் எல்லாம் அதற்கு ஒத்து ஊதின.

இயந்திரத்துக்குக் கோபம் வந்தது. "எனக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீர் தெளிக்கிற என் கை உன் விளிம்பில் முட்டி நின்றுவிடுகிறது. கொஞ்சம் சாய்ந்துகொள்."

"விருந்தாளிகளுக்கு வெற்றிலை நீட்டுகிறவன் நான். உனக்காகச் சாய்வேனா?"

"அப்படியானால் நானும் ஓட மாட்டேன். அழுக்கை வைத்துக்கொண்டு கழுவியதாகப் பொய் சொல்ல என்னால் முடியாது."

மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாள் சௌந்தரம் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் அசையவில்லை. இரண்டு தட்டு தட்டினாள். அப்போதும் அசையவில்லை.

"உன்னைக் காயலான் கடைக்கு அனுப்பப்போகிறார்கள்!" என்று ஒரு டம்ளர் பதறியது.

"அனுப்பட்டும். முதலில் உள்ளே பார்க்கட்டும்."

சௌந்தரம் கதவைத் திறந்து, அந்தக் கையை விரலால் சுற்றிப் பார்த்தாள். அது தாம்பாளத்தில் 'டங்'கென்று மோதி நின்றது. "அட, இதுதானா!" என்று தாம்பாளத்தை வெளியே எடுத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். கை விர்ரென்று சுழன்றது. டம்ளர்கள் பளபளவென்று வெளியே வந்தன.

குழாயடியில் தேய்க்கப்படக் காத்திருந்த தாம்பாளம் அவற்றைப் பார்த்துச் சொன்னது: "பார்த்தீர்களா? நான் அதட்டிய பிறகுதான் அது ஒழுங்காக வேலை செய்கிறது."