ஆடியோ மட்டும் போதும்

"பேரை முழுசாவே சொல்லுங்க சார். மங்கையர்க்கரசி. மங்கைன்னு யாரும் என்னைக் கூப்பிடறதில்லை."

மேஜைமேல் ஸ்பீக்கரில் போட்டிருந்த போனைச் சந்திரமோகன் முறைத்தார். வேலை கேட்கிற பெண் பேசுகிற பேச்சா இது?

படகு டிக்கெட்டுக்கும் ஓட்டல் புக்கிங்குக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் கம்பெனி அவருடையது. தீவுத் தலைநகரின் பத்துபஸ்தி வட்டாரத்தில் ஒரு மாடி முழுக்க ஆபீஸ். ஆள் வேண்டுமென்றால் கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்துதான் எடுப்பார். தீவுப் பிள்ளைகளுக்குக் கோடிங் வராது என்பது அவர் தீர்மானம். ஒரு பிள்ளையையும் கேட்டுப் பார்க்காமலே எடுத்த தீர்மானம்.

"வீடியோவுல வரலாமே?" என்றாள் எதிரே இருந்த சீனியர் ப்ரோக்ராமர் சௌமியா.

சற்று நேரம் சத்தமில்லை. பிறகு பதில் வந்தது. "எங்க பாராடாங் ஊர்ல டவர் கிடைக்கற லட்சணம் தெரியாதா மேடம்? ஆடியோ மட்டும் போதும்."

"டீக் ஹை, சரி. பஸ் பிடிச்சு நேர்லயே வந்திருக்கலாமே?" என்றார் சந்திரமோகன்.

மறுபடியும் ஓர் இடைவெளி. "நேர்ல போன இடத்துல எல்லாம் ஒரு கேள்விகூடக் கேக்காம அனுப்பிட்டாங்க சார். எங்க வம்சத்துலயே காலேஜ் முடிச்சது நான் ஒருத்திதான். இந்த வேலையும் இல்லைன்னா, லேப்டாப்பை வித்துட்டு வீட்டோட கிடன்னு அப்பா சொல்லிட்டாரு. நீங்க கேள்வியைக் கேளுங்க."

குரல் ஒரே சீராக இருந்தது. நடுக்கமோ கெஞ்சலோ துளியும் இல்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டார்.

"ஆப்ஜெக்ட் ஓரியண்டட் ப்ரோக்ராமிங்னா என்ன? புஸ்தகத்துல இருக்கறதை ஒப்பிக்காதே."

"ஃபெர்ரிக்கு லைன்ல நிக்கற வண்டிங்களைப் பாத்திருப்பீங்களே சார். பஸ்ஸும் வண்டி, பைக்கும் வண்டி. எல்லாத்துக்கும் 'ஏறு'ன்னு ஒரே சொல்லுதான். பஸ், ஆளுங்களை இறக்கி விட்டுட்டு ஏறும். பைக், சந்துல நுழைஞ்சு ஏறும். எப்படி ஏறணுங்கறது அந்தந்த வண்டிக்குள்ள இருக்கற சமாச்சாரம். ஃபெர்ரிக்காரன் அதுல தலையிட வேண்டாம். நாளைக்கு ஒரு யானையே வந்து நிக்கட்டும், அதுக்கு ஏறத் தெரிஞ்சா போதும். யானைக்காக ஃபெர்ரியை உடைச்சுக் கட்ட வேண்டாம்."

சந்திரமோகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் புதுப் பையன்களுக்கு அவர் மூச்சு முட்ட விளக்கிய விஷயம் இது. ஒரு யானையை ஏற்றி முடித்துவிட்டாள் இந்தப் பெண்.

சௌமியா போனை ம்யூட் செய்தாள். "சார், ஒவ்வொரு பதிலுக்கும் முன்னாடி கீபோர்டு சத்தம் கேக்குது. நெட்ல தேடிப் பாத்துதான் படிக்கறா. பக்கா காப்பி. கட் பண்ணுங்க."

அவர் ம்யூட்டை எடுத்தார். "ஏம்மா, பாத்துப் படிக்கறியா?"

இந்த முறை தட்டும் சத்தம் அவருக்கே கேட்டது. படபடவென்று, கோபமாக.

"பாராடாங் ஃபெர்ரியும் யானையும் எந்த வெப்சைட்ல சார் இருக்கு? லிங்க் குடுங்க, நானும் படிக்கறேன்."

சௌமியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. "சரி, ஸ்க்ரீன்ல பட்டனை அழுத்தினதும் விண்டோ அப்படியே உறைஞ்சு நிக்குது. ஏன்?"

"டிக்கெட் குடுக்கறவரையே படகுக்குக் கயிறு கட்டவும் அனுப்பிட்டா கவுண்டர்ல யாரு இருப்பா மேடம்? நேரம் எடுக்கற வேலையைப் பின்னாடி தனியா ஓடற வேற த்ரெட்டுக்குத் தள்ளுங்க. விண்டோவுக்கு ஒரே வேலைதான். தொட்டவங்களுக்கு உடனே பதில் சொல்லணும்."

"பட்டனை எங்க வைப்பே?"

"கோவத்துல இருக்கறவங்க விரல் முதல்ல எங்க போகுமோ அங்க. அவசரத்துல எவனும் மெனுவைத் திறந்து தேடிக்கிட்டிருக்க மாட்டான். அழகுக்காகக் குட்டியா வைக்கறவங்க, ஒரு நாளாவது அந்தப் பட்டனை நம்பி வாழ்ந்து பாக்கணும் மேடம்."

சௌமியா பேனாவைக் கீழே வைத்தாள். தான் வரைந்த டிக்கெட் திரைகளில் ஒரு பட்டனையாவது அப்படி யோசித்து வைத்ததாக அவளுக்கு நினைவில்லை.

"அரே, இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?" சந்திரமோகனின் குரல் தழைந்திருந்தது. "வேலை உனக்குத்தான். திங்கக்கிழமை வந்துடு."

"அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே சார்?"

"சொன்னா சொன்னதுதான். நீயே கட்டின ப்ரோக்ராம் ஏதாவது இருந்தா வரும்போது எடுத்துட்டு வா, பாக்கலாம்."

"இப்பவே பாருங்க சார். வீடியோ போடறேன்."

விட்டு விட்டு வந்த படத்தில் ஒரு பெண்ணும் அவள் மடியில் சற்றே திருப்பி வைத்த லேப்டாப்பும் தெரிந்தன. லேப்டாப் திரை நிறையத் தமிழிலும் ஹிந்தியிலும் பெரிய பெரிய பட்டன்கள். அவள் உதடுகள் மூடியபடியே இருந்தன. விரல்கள் ஓடின. லேப்டாப்பிலிருந்து அதே குரல் வந்தது.

"பொறந்ததுலேருந்து எனக்குப் பேச்சு வராது சார். இவ்வளவு நேரம் உங்ககூட மல்லுக்கு நின்னதே நான் கட்டின ப்ரோக்ராம்தான்."