தள்ளினால் ஓடும் கார்

“தள்ளுங்கம்மா, இன்னும் கொஞ்சம் தள்ளுங்க!”

சத்தம் காருக்குள்ளிருந்து வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொகுசாக உட்கார்ந்து கொண்டு சொன்னவர் மயில்வாகனம்.

பின்னால் தள்ளியவர்கள், நாள் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள். டிசம்பர் மாதத்துத் தூறல். பத்தடிக்கு அப்பால் ரோடு தெரியாத பனி. இடுப்பில் சுற்றிக் கட்டிய முரட்டுப் படங்குத் துணி நனைந்து கனக்க, மூச்சு வாங்கத் தள்ளினார்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மெக்கானிக் சிவகரனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதுவோ பந்தயக் கார். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுமாம். பஸ்ஸே தட்டுத் தடுமாறிப் போகிற பொகவந்தலாவை ரோட்டில் அது எங்கே ஓடுவது? கொழும்பில் கடை வைத்திருந்த மனிதர், கடையை விற்றுவிட்டு எஸ்டேட் ஓரத்தில் ஒரு பழைய பங்களாவை வாங்கிக்கொண்டு வந்தார். காரும் கூடவே வந்தது. வந்த நாளிலிருந்து தினமும் நாலரை மணிக்கு, சரியாக இந்த வளைவில் நின்றுவிடுகிறது.

காசிருந்தால் ஊரார் முதுகில் சவாரி போகலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான் சிவகரன்.

இருபதடி நகர்ந்ததும் கார் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மயில்வாகனம் இறங்கியதும் சிவகரனைப் பார்த்துவிட்டார். முகம் மாறியது.

“யாரு தம்பி நீங்க?”

“தலவாக்கலையில இருந்து வர்றேங்க. மெக்கானிக். உங்க சமையல்காரருதான் போன் பண்ணாரு, கார் தினமும் நிக்குதுன்னு.”

“அதான் ஸ்டார்ட் ஆயிடுச்சே. எதுக்குத் தம்பி வீண் சிரமம்?”

“இவ்வளவு தூரம் நனைஞ்சுக்கிட்டு வந்துட்டேன். பாத்துட்டே போறேனே.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

சிவகரன் கோளாறு காட்டுகிற தன் சின்ன மிஷினைக் காரில் செருகிப் பரிசோதிக்க ஆரம்பித்தான். மயில்வாகனம் பெண்களிடம் போய் நின்றுகொண்டார்.

“வேலாயி, முழங்கால் வலி எப்படி இருக்கு?”

“குளிருக்குக் கொஞ்சம் கூடுதலாத்தாங்க இருக்கு ஐயா.”

“பூரணி, மகளுக்குப் பரீட்சை முடிஞ்சுதா?”

“நேத்துத்தாங்க முடிஞ்சுது.”

பேச்சு நீண்டுகொண்டே போனது. அத்தனை பேர் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது.

“இந்தக் குளிரைப் பாக்கணும்னு என் வீட்டுக்காரிக்கு ரொம்ப ஆசை. நாம ரெண்டு பேர்தானே, ரெண்டு சீட்டு உள்ள கார் போதும்னு அவதான் சொன்னா. கார் வந்துச்சு. அவ போயிட்டா.”

யாரும் லயத்துக்குக் கிளம்புகிற அவசரம் காட்டவில்லை.

சிவகரன் நிமிர்ந்தான். மயில்வாகனம் ஓட்டமும் நடையுமாகக் கிட்டே வந்தார். பரீட்சை முடிவு கேட்கிற பிள்ளை மாதிரி, குரல் இறங்கியிருந்தது.

“என்ன தம்பி... ஏதாவது கோளாறு இருக்கா?”

“நீங்க உள்ள உக்காருங்க. சொல்றேன்.”

அவர் தயங்கித் தயங்கிப் போய்க் காரில் உட்கார்ந்தார். சிவகரன் பெண்களில் மூத்தவளான மீனம்மாவை ஓரமாக அழைத்தான்.

“அக்கா, நீங்க எல்லாரும் ஏமாந்து போயிருக்கீங்க. இந்தக் கார்ல ஒரு கோளாறும் இல்ல.”

மீனம்மா காரின் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“இது பஸ்ஸு, லொறி மாதிரி இல்ல. கியர் மாத்துற வேலையே இல்லாத கார். நூறு பேர் தள்ளினாலும் உருளுமே தவிர ஸ்டார்ட் ஆகாது. அவரேதான் நிப்பாட்டுறாரு, அவரேதான் சுவிச்சை அமுக்கி ஸ்டார்ட் பண்றாரு. மழையில உங்களைத் தள்ள விட்டு வேடிக்கை பாக்குறாருக்கா! இப்பவே எல்லார் முன்னாலயும் கேட்டுடறேன்.”

கிளம்பியவனின் கையை மீனம்மா எட்டிப் பிடித்தாள்.

“மெதுவாப் பேசுங்க தம்பி. அவருக்குக் கேட்டுறப்போவுது.”

“கேட்டா என்னவாம்?”

“நாளையிலேருந்து இந்தப் பக்கம் தலை காட்டமாட்டாரு. சமையல்காரரும் ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போயிருவாரு. அப்பறம் அந்தப் பங்களாவுல அவரு செவுத்தோடதான் பேசணும்.”

“பேசணும்னா நேரா வந்து பேச வேண்டியதுதானே?”

“பங்களாக்காரரு லயத்துக்கு வந்து உக்காருவாரா தம்பி? இல்ல, நாங்கதான் பங்களா வாசப்படி ஏறிருவோமா?”

சிவகரன் திரும்பினான். பனிக்குள் மங்கலாகத் தெரிந்த காரைப் பார்த்தான். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, அவர் இவர்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட் காலியாக இருந்தது.

“அப்ப... உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமாக்கா?”

“மொத வாரமே தெரியும். எம் மகன் கொழும்புல கார் கழுவுற எடத்துலதானே வேல செய்றான். போன் போட்டுக் கேட்டேன், சொல்லிட்டான்.”

மீனம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

“ஏதோ ஒரு கோளாறுன்னு சொல்லிட்டுப் போங்க தம்பி. கோயில் திருவிழாவுக்கு வைக்கிற மாதிரி லயத்துக்கு லயம் முறை வச்சிருக்கோம். நாளைக்கு மேல் லயத்துக்காரங்க வந்து தள்ளுவாங்க.”