கூட்டிச் சொன்ன வயசு

"வயசு என்னம்மா?"

"எழுபத்தொண்ணு" என்றாள் மாமியார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

மருமகளுக்குச் சுர்ரென்று ஏறியது. "அத்தை! உங்களுக்கு இன்னும் அறுபதே முடியலை."

"உனக்கென்ன தெரியும்? நீயா எனக்குத் தொட்டில் ஆட்டினே?"

ஸ்கேன் எடுக்கும் பெண் சிரித்துவிட்டாள். "எல்லாரும் குறைச்சுத்தான் சொல்வாங்க. நீங்க கூட்டிச் சொல்றீங்களே!"

"பக்கத்து வீட்டுல அம்பத்தஞ்சுன்னு சொல்லி வச்சிருக்காங்க" என்று போட்டுக் கொடுத்தாள் மருமகள்.

காலையிலிருந்தே இந்தப் பாடுதான். முதுகெலும்பு வலுவாக இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டில் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். ஊசி இல்லை, வலி இல்லை. அதற்கே வரமாட்டேன் என்று அடம். கட்டிலில் படுக்க வைத்தால், "முதுகு வலிக்கு வயித்துல எதுக்கு ஜெல்லைத் தடவறே? மாசமா இருக்கேனா?" என்று ரகளை. வயிற்றின் வழியாகத்தான் முதுகெலும்பைப் பார்க்க முடியும் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

இப்போது இந்த வயசுக் கூத்து!

மருமகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. குழந்தை பிறந்ததும் விட்ட வேலை, இப்போதுதான் மறுபடி கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். குழந்தை மாமியார் பொறுப்பு.

"கிழவின்னு சர்ட்டிபிகேட் வாங்கிட்டா குழந்தையைப் பாத்துக்க வேண்டாம், அதானே? மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கலாமே அத்தை!"

அதட்டலில் மிரண்டு, அவள் மடியில் இருந்த குழந்தை வீறிட்டது. இடுப்பில் இடுக்கிக்கொண்டு விருட்டென்று வெளியே போனாள் மருமகள்.

பால் பாட்டில் உள்ளேயே இருந்தது. எடுக்கத் திரும்பியவள், திரைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள்.

"உங்க வயசுக்காரங்களோட ஒப்பிட்டுத்தாம்மா பாப்போம். வயசைக் கூட்டிட்டா, இருக்கிற குறை தெரியாமப் போயிடும்."

"தெரியும் கண்ணு. எனக்கு முன்னாடி வந்தவங்ககிட்ட, 'உங்க வயசுக்கு இது பரவாயில்லை'ன்னு சொன்னியே, கேட்டேன். எனக்கும் அப்படியே சொல்லிடு. எலும்பு சரியில்லைன்னு தெரிஞ்சா, குழந்தையைத் தூக்கவே விடமாட்டா என் மருமக. கிடைச்ச வேலையையும் விட்டுட்டு வீட்டோட உட்காந்துடுவா. எழுபத்தொண்ணுன்னே போட்டுக்கோ."