காப்பி இயந்திரத்தின் பக்கத்தில்

மெல்பர்ன் கடையொன்றின் கண்ணாடி வழியே சரியும் காலை வெயில், பிரான்வின் தன் கையால் செய்து கொண்டுவந்த ஸ்மார்ட் ஸ்பீக்கரின் மர உடம்பில் மினுங்குகிறது. விலை அறுநூறு டாலர். அதைச் சுற்றி எண்பது டாலர் பிளாஸ்டிக் ஸ்பீக்கர் உருண்டைகள் ஓயாமல் வானிலை சொல்கின்றன. கடைக்காரர் டிரெவர் மஞ்சள் தள்ளுபடிச் சீட்டை நீட்டுகிறார். "முந்நூறுன்னு ஒட்டு, பிரான். இல்லேன்னா தூசி படிஞ்சு கிடக்கும்." "ஒரு காசு குறைக்க மாட்டேன். விலையில தப்பில்ல, நீ வச்ச இடம்தான் தப்பு" என்கிறாள் பிரான்வின். ஸ்பீக்கரை இரு கையாலும் தூக்கிக்கொண்டு, நீராவி சீறும் அடுத்த வரிசைக்கு நடக்கிறாள். ஆயிரத்தைந்நூறு டாலர் காப்பி இயந்திரத்தை ஒட்டி அதை வைத்து, "பாடு" என்கிறாள். மாதிரிக் காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்த வாடிக்கையாளர் தலையைத் திருப்புகிறார். குனிந்து இயந்திரத்தின் விலையையும் ஸ்பீக்கரின் விலையையும் படிக்கிறார். "அட, இவ்வளவுதானா?" டிரெவர் மஞ்சள் சீட்டைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணிக்கிறார்.