கை காட்டினால் நிற்கும்

வேல்ஸ் மலைப்பாதையில் இருக்கும் நந்த்வென் நிலையத்தில், யாராவது கை காட்டினால்தான் ரயில் நிற்கும். இன்றும் ஒருவரும் ஏறாவிட்டால் அதை மூடிவிடுவது என்ற முடிவோடு, லண்டன் அதிகாரி பெர்சிவல் வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

ரயில் நின்றது. நடைமேடையில் ஆளே இல்லை.

"யாருக்காக நிறுத்துனீங்க?" என்று சீறினார்.

"டிரைவருக்குக் கை தெரிஞ்சிருக்கு சார்," என்றாள் கார்டு மெரெரிட். "உங்க லண்டன்ல ரெண்டு கையையும் ஆட்டுனாலும் எவனும் நிக்கமாட்டான். எங்க ஊரு அப்படியில்ல."

கதவு திறந்தது. வெளியே நல்ல வெயில். ஈரமான பூட்ஸ் தடங்கள் ஒவ்வொன்றாக உள்ளே வந்து, பெர்சிவல் அருகே நின்றன.

"பையை எடுங்க சார். பாவம், உட்காரட்டும்."

பெர்சிவல் பையை மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து மெத்தை மெல்ல அமுங்கியது.

"சரிம்மா... ஒருத்தர் ஏறிட்டார். மூடவேண்டாம்."

பக்கத்து இருக்கையில் யாரோ நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார்கள்.